தொழிலாளி அல்லாத தொழிலாளி: பழகுநர் சட்டமும் தென்கோடி ரசாயன ஆலைகளும்

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்துப் பையன் ஒருவன் தூத்துக்குடி ஆலைக்குப் போகிறான் என்றால் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி, "கம்பெனில எடுத்துட்டாவளா?" என்பதுதான். பதில் பெரும்பாலும் இப்படி வரும்: "இல்ல மாமா, அப்ரண்டிஸ்தான்." இந்தத் 'தான்' என்கிற இடைச்சொல்லுக்குள் ஒரு சட்டப்பிரிவே அடங்கியிருக்கிறது. 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்வதும் அதைத்தான்: பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர், தொழிலாளர் தொடர்பான எந்தச் சட்டத்தின் ஷரத்துகளும் அவருக்குப் பொருந்தாது.

இது இயல்பான விஷயம் மாதிரி நமக்குத் தோன்றுகிறது. கற்றுக்கொள்கிறவன் எப்படித் தொழிலாளி ஆவான் என்று பொதுப்புத்தி கேட்கும். ஆனால் 1947இல் வந்த தொழிற்தகராறுகள் சட்டத்துக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிலாளி யார் என்று வரையறுக்கும்போது அது அடைப்புக்குறி போட்டு 'பழகுநர் உட்பட' என்று தெளிவாகச் சேர்த்துக்கொண்டது. பதினான்கே வருஷத்தில் அந்த ஆள் வெளியேற்றப்பட்டார். வெளியேற்றியது ஏதோ ஒரு மில் முதலாளி அல்ல. சோஷலிச பாணிச் சமுதாயம் என்று பேசிக்கொண்டிருந்த நேரு காலத்து நாடாளுமன்றம், மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய அதே வருஷத்தில், தேச நிர்மாணத்துக்குத் திறன்பெற்ற கைகள் வேண்டும் என்கிற நியாயத்தின் பேரில் இதைச் செய்தது. 1962 மார்ச் 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

முழுசாகத்தான் வெளியேற்றினார்களா என்று பார்த்தால் அதுவும் இல்லை. 17ஆம் பிரிவின்படி நடத்தை, ஒழுங்கு விஷயங்களில் பழகுநர் அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்குரிய விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். 14ஆம் பிரிவு, தொழிற்சாலைகள் சட்டத்தின் சில அத்தியாயங்களை மட்டும் எடுத்து, அவற்றின் பொருட்டு அவரைத் 'தொழிலாளி போலவே' கருதச் சொல்கிறது. 16ஆம் பிரிவு விபத்து இழப்பீட்டுக்கு வழிசெய்கிறது. ஆக, கீழ்ப்படிய வேண்டிய இடத்தில் அவன் தொழிலாளி. கை போனாலும் தொழிலாளி. சங்கம், ஊதியம், நிரந்தரம் என்று ஏதாவது கேட்கிற இடத்தில் மட்டும் மாணவன். அவனுக்குக் கொடுக்கிற பணத்துக்கு இட்ட பெயரையும் கவனிக்க வேண்டும். கூலி அல்ல, 'உதவித்தொகை'. கூலி என்றால் பேரம் பேசலாம். உதவிக்கு யார் பேரம் பேசுவது? 1975இல் டெல்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் பழகுநர்கள் இ.எஸ்.ஐ. சட்டத்தின் பொருளில் ஊழியர்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தபோது இந்தப் பெயர் மாற்றத்தின் விளைவு இன்னும் ஒரு படி கீழே இறங்கியது.

*

1961ஆம் ஆண்டுச் சட்டம் ரத்து செய்த பழைய சட்டம் ஒன்று உண்டு. 1850இன் 19ஆம் எண் சட்டம். பிள்ளைகள், குறிப்பாக அநாதைகளும் தருமப்பணத்தில் வளர்கிற ஏழைப் பிள்ளைகளும், தொழில் கற்றுக்கொள்வதற்காகக் கம்பெனி ஆட்சி இயற்றியது. 10 முதல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தகப்பனோ காப்பாளரோ ஏழு வருஷம் வரை ஓர் எஜமானிடம் எழுதிக்கொடுக்கலாம். 21 வயதைத் தாண்டக் கூடாது. பெண் பிள்ளையானால் அவளுடைய கல்யாணம் வரைக்கும்தான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கும், கைவிடப்பட்ட பிள்ளைக்கும், ஊர்சுற்றியதாகவோ சில்லறைக் குற்றம் செய்ததாகவோ தண்டிக்கப்பட்ட பிள்ளைக்கும் மாஜிஸ்திரேட்டே காப்பாளர். தண்டனை கொடுக்கிற கையும் தொழில் கற்கப் பிடித்துக்கொடுக்கிற கையும் ஒன்று. இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம் அநாதைப் பிள்ளைகளைப் பருத்தி ஆலைகளுக்கு ஓட்டிவிட்ட வரலாற்றின் நீட்சி இது. அங்கே 1802இல் அந்தப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் என்று தனிச்சட்டமே போட வேண்டிவந்தது.

ஃபூக்கோ தன் சிறைச்சாலை பற்றிய நூலில் (1975) உடல்களைப் பணியவைக்கும் நுட்பங்களைப் பேச வரும்போது பாரிசின் கோபெலின் திரைச்சீலை ஆலையின் பழகுநர் பள்ளியை எடுத்துக்கொள்வது தற்செயல் அல்ல. குருவின் வீட்டில் தங்கி, காலம் இன்னதென்று தெரியாமல் தொழிலின் ரகசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றுக்கொள்கிற பழைய முறை ஒன்று. வயது, படிநிலை, தேர்வு, வருகைப்பதிவு என்று காலத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கு வைக்கிற புதிய முறை இன்னொன்று. நம்முடைய 1961ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவது ரகம். ஒப்பந்தம், பதிவு, ஆலோசகர், தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. ஆனால் முதலாவதிலிருந்து ஒன்றை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டது: சிஷ்யன் கூலி கேட்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் 1953 நினைவுக்கு வராமல் போகாது. ராஜாஜி கொண்டுவந்த திருத்தப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டத்தில் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அம்பலப்படுத்தினார். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இந்த வெற்றியைக் கொண்டாடுகிற நாம், ஏழு வருஷம் கழித்து வந்த பழகுநர் சட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. குலக்கல்வி சாதியின் கதவை உள்பக்கம் பூட்டியது. பழகுநர் சட்டம் ஆலையின் கதவைத் திறந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான இடங்களைச் சட்டத்திலேயே எழுதியது. 2007இல் பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டார்கள். இன்னாரின் சிபாரிசு இல்லாமல், இன்ன சாதிக்காரன் என்கிற அடையாளம் இல்லாமல், ஐ.டி.ஐ. சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் பெரிய ஆலையின் கேட்டுக்குள் போக முடிந்ததற்கு இந்தச் சட்டம்தான் காரணம். அதை மறுப்பது நேர்மையாகாது. போனவனை என்ன நிலையில் உள்ளே வைத்தார்கள் என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

*

குற்றாலத்தில் ஆலை கிடையாது. அருவியும் சீசனும்தான். ஆனால் அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி பக்கத்தில் தாமிரபரணியில் சேர்ந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்குப் போய், அங்கிருந்து 'இருபது எம்.ஜி.டி.' என்று அதிகாரிகள் சொல்லும் திட்டத்தின் குழாய் வழியாக (நாளொன்றுக்கு 2 கோடி காலன்) தூத்துக்குடி ஆலைகளுக்கு ஓடியது. பையன்களும் ஏறக்குறைய அதே வழியில் போனார்கள். 1986 வரை தூத்துக்குடியும் தென்காசியும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். மேற்கே மலையும் குளத்துப் பாசனமும் பீடிக்கட்டும். கிழக்கே உப்பளமும் துறைமுகமும் ரசாயனமும். நடுவில் நூறு கிலோமீட்டர் சொச்சம்.

கடலோரத்தில் ரசாயன ஆலைகள் வந்த வரிசை இது. குஜராத்தில் சோடா ஆஷ் செய்துகொண்டிருந்த திராங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ், 1950களின் கடைசியில் ஆறுமுகநேரி பக்கம் காஸ்டிக் சோடா ஆலையைத் தொடங்கியது. உப்பும் கடலும் பக்கத்தில் இருப்பது அதற்கு வசதி. முதலாளி குடும்பத்தின் பெயரால் அந்த இடமே சாகுபுரம் ஆனது. 1969இல் டிட்கோவும் எம்.ஏ. சிதம்பரமும் கூட்டுச்சேர்ந்து பதிவுசெய்த ஸ்பிக், 1975இல் அம்மோனியாவும் யூரியாவும் செய்யத் தொடங்கியது. அதன் பக்கத்திலேயே, அதன் அம்மோனியா வாயுவை நம்பி, அணுசக்தித் துறையின் கனநீர் ஆலை 1978இல் வந்தது. 1982இல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ். 1996இல் ஸ்டெர்லைட்; தாமிரம் உருக்குவதோடு கந்தக அமிலமும் செய்த அந்த ஆலை, 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு அரசாணையால் மூடப்பட்டது.

இதற்கு முந்தி இந்தச் சீமையில் ரசாயனத் தொழில் என்றால் தீப்பெட்டிதான். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை எல்லாருக்கும் தெரியும். எத்தனை மாசம் தங்கினார்கள் என்பது வரைக்கும் சொல்வார்கள். முதலாளி ஆகப்போகிறவர் தொழில் பழகினால் அது வட்டார வரலாறு ஆகிறது. அதற்கப்புறம் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி அடுக்கப் பழகிய பிள்ளைகளின் கதை குழந்தைத் தொழிலாளர் பற்றிய அறிக்கைகளில் மட்டும் வரும்.

*

ரசாயன ஆலையில் பழகுவது என்றால் என்ன? இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. லேத்திலோ பட்டறையிலோ கற்றுக்கொள்வது கைவேலை. பொருள் கண்ணுக்கு முன்னால் உருவாகும். தப்பு நடந்தால் இரும்புத்துண்டு வீணாகும், அவ்வளவுதான். ரசாயன ஆலை இடைவிடாத ஓட்டம். பொருள் குழாய்க்குள் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. கேஜ் காட்டுகிற எண், பம்ப்பின் சத்தத்தில் வருகிற வித்தியாசம், ஃபிளாஞ்சில் கசிகிற துளி, மூக்கில் ஏறுகிற அம்மோனியா நெடி, குளோரினின் காரம் ஆகியவற்றை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். அரசு அறிவித்த தொழில்களின் பட்டியலில் இதற்கென்றே சில உண்டு: அட்டெண்டன்ட் ஆபரேட்டர் (கெமிக்கல் பிளான்ட்), இன்ஸ்ட்ரூமென்ட் மெக்கானிக் (கெமிக்கல் பிளான்ட்), மெயின்டனன்ஸ் மெக்கானிக் (கெமிக்கல் பிளான்ட்), லேபரட்டரி அசிஸ்டன்ட் (கெமிக்கல் பிளான்ட்). பெயரைப் பார்த்தால் பொறியியல் மாதிரி இருக்கிறது. நடைமுறையில் முதல் சில மாசம் சீனியர் ஆபரேட்டரின் பின்னால் நடந்து, வால்வு எது எங்கே போகிறது என்று குழாயைத் தடவித் தடவி மனப்பாடம் செய்வதும், மணிக்கொரு தடவை லாக் ஷீட் எழுதுவதும்தான் வேலை. அப்புறம் வருஷாந்திர ஷட்-டவுன். ஆலையை நிறுத்தி, திறந்து, சுத்தம் பண்ணி, கேஸ்கெட் மாற்றி, திரும்ப ஓட்டுகிற அந்த நாட்களில்தான் ஒருவன் உண்மையாகக் கற்றுக்கொள்கிறான். ஆள் பற்றாக்குறையும் அந்த நாட்களில்தான். எது பயிற்சி, எது உழைப்பு என்கிற கோடு அங்கே அழிந்துபோகிறது.

அல்தூசர் 1970இல் எழுதிய கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றிய கட்டுரை நம் சிற்றிதழ்களில் நிறையப் பேசப்பட்டது. உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தி, முன்பு உற்பத்தி இடத்திலேயே பழகுநர் முறையில் நடந்தது. முதலாளியம் வளர வளர அது வெளியே, பள்ளிக்கூடத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். இந்தியாவில் நடந்தது இதன் தலைகீழ். 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம், அதன் கீழ் ஐ.டி.ஐ.கள், 1956இல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களிடம் என்று திறன் முதலில் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனது. 1961இல் சட்டம் அதே பையனைப் பள்ளியிலிருந்து மீண்டும் ஆலைக்குள் அனுப்புகிறது. ஆனால் பள்ளிக்கூடத்தின் அந்தஸ்தோடு அனுப்புகிறது. மாணவன் என்கிற அடையாளம் ஆலைக்குள்ளேயும் அவன் மேல் ஒட்டிக்கொண்டே போகிறது. பள்ளிக்கூடமும் ஆலையும் தனித்தனி இடங்கள் என்று வைத்துக்கொண்ட அல்தூசருக்கு இப்படி ஒரு பிறவி தட்டுப்படவில்லை.

ரசாயன ஆலையில் கற்ற அறிவு அந்த ஆலைக்கே உரியது என்பது இன்னொரு சிக்கல். ஃபிட்டரோ வெல்டரோ எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். குறிப்பிட்ட ஓர் அம்மோனியா பிளான்ட்டின் குணம் தெரிந்தவனுக்கு அந்த பிளான்ட்டுக்கு வெளியே அதில் பெரும்பகுதி செல்லாக்காசு. அப்படி இருக்க, 22ஆம் பிரிவு சொன்னது: பயிற்சி முடித்த பழகுநருக்கு வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் வேலை அளிப்பவருக்கு இல்லை, ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் பழகுநருக்கும் இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால்தான் உண்டு. இரண்டு பக்கமும் சமமாகக் கட்டவிழ்த்துவிடுகிறார்களாம்! தென்காசியில் இன்னொரு அம்மோனியா ஆலை இருந்தால் அந்தச் சமத்துவத்துக்கு அர்த்தம் உண்டு. 1995 ஜனவரியில் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும், வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை அவருக்குத் தேவையில்லை, வயது வரம்பைத் தளர்த்தலாம் என்றது. முன்னுரிமைதான், உரிமை அல்ல. நிரந்தர வேலைக்கு ஆளே எடுக்காமல் கான்ட்ராக்டில் ஓட்டுகிற ஆலையில் எதற்கு முன்னுரிமை என்று யாரும் கேட்கவில்லை.

*

1984 டிசம்பர் 2 இரவு போபாலில் நடந்ததைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. யூனியன் கார்பைடு செலவைக் குறைக்கிறேன் என்று எம்.ஐ.சி. பிரிவில் ஆபரேட்டர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கியிருந்தது. பயிற்சிக் காலத்தையும் வெட்டியிருந்தது. ரசாயன ஆலையில் பயிற்சி என்பது ஆலைக்கு வெளியே படுத்துத் தூங்குகிற ஜனங்களின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதை அந்த இரவு காட்டியது. அதன் விளைவாக 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று 4-ஏ என்கிற புது அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். ஆலையில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளிக்கு நிர்வாகம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் சரிபாதி இருக்க வேண்டும். உடனடி ஆபத்து வரும் என்று நியாயமான அச்சம் இருந்தால் தொழிலாளி நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் அதைத் தெரிவிக்கலாம் என்றது 41-எச் பிரிவு. போபாலின் பிணங்களுக்கு மேல் பெற்ற உரிமைகள் இவை.

இப்போது பழகுநர் சட்டத்தின் 14ஆம் பிரிவை எடுத்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 3, 4, 5ஆம் அத்தியாயங்கள் பழகுநருக்கும் பொருந்தும் என்கிறது. சுகாதாரம், பாதுகாப்பு, நலன். 1961இல் அவ்வளவுதான் இருந்தது. 1987இல் 4-ஏ வந்த பிறகு அதை இந்தப் பட்டியலில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. 2014இல் பழகுநர் சட்டத்தைப் பல இடங்களில் திருத்தியபோதும் சேர்க்கவில்லை. எந்திரத்துக்கு வேலி போட வேண்டும், குடிதண்ணீர் வைக்க வேண்டும், கேன்டீன் வேண்டும் என்பதெல்லாம் பழகுநருக்கு உண்டு. எந்த வாயு எந்த அளவுக்கு மேல் போனால் உயிருக்கு ஆபத்து என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற உரிமையும், 'இந்த லைன் சரியில்லை' என்று ஆய்வாளருக்கு எழுதுகிற உரிமையும் அவனுக்குச் சட்டத்தின் எழுத்தில் இல்லை. கற்றுக்கொள்ள வந்தவனுக்குத்தான் இல்லை! கசிவின் முதல் நெடி பல நேரம் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிற ஜூனியரின் மூக்குக்குத்தான் வரும். நிர்வாகம் வாய்ப்பேச்சில் சொல்லிக்கொடுக்கலாம். நல்ல சீனியர்கள் சொல்லியும் கொடுத்தார்கள். அது அவர்கள் மனசு.

*

உதவித்தொகையில் ஒருத்தன் வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கிச் சாப்பிட முடியாது. அப்படியானால் மிச்சத்தை யார் கொடுத்தது? கடையத்திலும் ஆலங்குளத்திலும் தென்காசியிலும் பல வீடுகளில் அம்மாவும் அக்காவும் சுற்றிய பீடிக்கட்டுகள் கொடுத்தன. உரத்தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கிற செலவில் ஒரு பங்கைப் பீடி சுற்றுகிற பெண் சுமந்தாள் என்று பொருளாதாரக் கணக்கில் எங்கேயும் வராது. அந்தப் பெண்ணும் பழகினவள்தான். ஏழெட்டு வயசில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டப் பழகியவள். அவளுக்குச் சான்றிதழ் கிடையாது.

படித்த பெண்களுக்கும் ஆலை திறக்கவில்லை. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964இலேயே வந்துவிட்டது. வேதியியலோடு பி.எஸ்சி. முடித்தவர்களை அட்டெண்டன்ட் ஆபரேட்டர் பயிற்சிக்கு எடுக்க விதியில் இடம் உண்டு. ஆனால் இடைவிடாமல் ஓடுகிற ஆலை என்றால் இரவு ஷிப்ட்; இரவில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளும் வரை 'பாதுகாப்பு' என்கிற பெயரில் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அதே வேதியியலைப் படித்த பையன் பேனல் முன்னால் நின்றான்; பெண் டீச்சர் வேலைக்கு மனுப்போட்டாள்.

*

இப்போது அடிக்கடி காதில் விழுவது 'தொழில்துறையே முன்னின்று நடத்தும் பயிற்சி' என்கிற சொல்லாடல். பிரிட்டனில் 2012இல் டக் ரிச்சர்ட் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, பழகுநர் எதைக் கற்க வேண்டும் என்கிற தரநிர்ணயத்தை வேலை அளிப்போர் குழுக்களிடமே ஒப்படைத்தார்கள். அதோடு 2017 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளப் பட்டியல் உள்ள நிறுவனங்களிடம் அரை சதவீதம் தீர்வையும் பிடித்தார்கள். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் இறக்குமதி செய்தார்கள். 2014 டிசம்பர் திருத்தம் 'விருப்பத் தொழில்' என்று ஒரு புது வகையைக் கொண்டுவந்தது. அதில் பாடத்திட்டத்தை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். வேலை நேரத்தையும் நிறுவனமே தீர்மானிக்கலாம். முன்பு இரவு 10 முதல் காலை 6 வரை பழகுநரை வேலையில் வைக்க ஆலோசகரின் முன் அனுமதி வேண்டியிருந்தது. சட்டத்தை மீறுகிற நிறுவனத்துக்கு இருந்த சிறைத்தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் மிஞ்சியது. அபாயகரமான தொழில்களுக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று ஆக்கியது நல்ல காரியம். அதைச் சொல்லத்தான் வேண்டும். 2016இல் வந்த தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதாவது மாசம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கும் என்றது. 2019இல் குறைந்தபட்ச உதவித்தொகை படிப்புக்குத் தக்கபடி 5,000 முதல் 9,000 ரூபாய் என்றானது. ஆட்பலத்தில் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ளலாம் என்றும் விரிந்தது. குறைந்தபட்சக் கூலி கேட்க முடியாத ஆட்களை 15 சதவீதம் வரை வைத்துக்கொள்ள ஒரு பயிற்சித் திட்டம்.

ஜெர்மனியைப் பார் என்பார்கள். பார்க்கலாம். அங்கே 1968 செப்டம்பரில் ஹாம்பர்க்கில் பயிற்சி முடித்தவர்களுக்கு நடந்த விழாவில் பழகுநர்களே எழுந்து கலகம் செய்தார்கள். பெருக்கவும் எடுபிடி வேலைக்கும் எங்களை வைத்துக்கொண்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்காதே என்பது அந்த இயக்கத்தின் குரல். 1969இல் தொழிற்பயிற்சிச் சட்டம் வந்தது; 1972இல் ஆலைக் குழுக்கள் பற்றிய சட்டத்தில் இளைஞர் பிரதிநிதித்துவம் உறுதியானது. பழகுநரின் ஊதியத்தை அங்கே தொழிற்சங்கங்கள் கூட்டுப்பேரத்தில் பேசுகின்றன. முதலாளி மட்டும் முன்னால் நிற்கிற படத்தை வெட்டி எடுத்து இங்கே மாட்டியிருக்கிறார்கள்.

நம் சங்கங்களின் நிலைமை என்ன? நிரந்தரத் தொழிலாளியின் சந்தா, நிரந்தரத் தொழிலாளியின் போனஸ். கான்ட்ராக்ட் தொழிலாளியைப் பேசவே இவற்றுக்கு இருபது வருஷம் ஆயிற்று. பழகுநர் ஓரிரண்டு வருஷத்தில் போய்விடுகிறவன், ஓட்டு இல்லாதவன், வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போய்விடுவானோ என்று சந்தேகப்பட வேண்டியவன். அவனை வெளியே நிறுத்திய சட்டத்தைச் சங்கங்கள் மனசளவில் ஏற்றுக்கொண்டுவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். 2020இல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நிறைவேறியபோது தொழிலாளி பற்றிய வரையறையில் மறுபடியும் ஓர் அடைப்புக்குறி வந்தது. இந்தத் தடவை 'பழகுநர் தவிர'. 1947இன் 'உட்பட' இப்படித் 'தவிர' ஆனதைப் பற்றிப் பெரிய கூச்சல் ஒன்றும் எழவில்லை.

இந்த வரலாற்றை எழுதுவதற்கு ஆவணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 19ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பழகுநரின் பயிற்சி முன்னேற்றத்தையும் பதிவுசெய்து வைக்க வேண்டியவர் வேலை அளிப்பவர். ஆக ஆவணம் முழுக்க முதலாளியின் கையெழுத்தில், ஆலையின் பீரோவில். ஆனால் வால்வுகளின் படத்தைப் பென்சிலில் வரைந்து, எந்த லைன் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் பையன்கள் வைத்திருந்த நோட்டுகள் உண்டு. பல நோட்டுகளின் பின்பக்கத்தில் மெஸ் கணக்கும் பஸ் சார்ஜும் இருக்கும். தென்காசி, இலஞ்சி, வல்லம், செங்கோட்டை வீடுகளின் பரணில் அவை கிடக்கின்றன. எடைக்குப் போடுவதற்கு முன்னால் கேட்டு வாங்கினால் உண்டு.